ஆங்கில மருதநிலத்து நடைவழிகள்

ஒரு நாட்டை அறிய விரும்புவோன் அதனைத் தன் காலால் அளத்தல் வேண்டும் என்பர் பெரியோர். புகைவண்டியின் சாளரத்தூடே நோக்குவோனுக்கு நாடு ஓடி மறையும் ஓவியம். மோட்டார் வண்டியில் விரைவோனுக்கு அஃது ஓர் ஊர்க்கும் மற்றோர் ஊர்க்கும் இடைப்பட்ட தூரம். நடந்து செல்வோனே அந்நாட்டின் மண்ணையும், மண்ணின் மேல் வாழும் மாந்தரையும், அவர்தம் வரலாற்றையும் ஒருங்கே காண்பான்.

இங்கிலாந்து என்றவுடன் இலண்டன் மாநகரும், ஒக்ஸ்போர்ட், கேம்பிறிட்ஜ் என்னும் பல்கலைக்கழக நகரங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. இயற்கையழகை நாடுவோர் வடமேற்கிலுள்ள ஏரிகளையும் குன்றுகளையும் நாடிச் செல்வர். ஆயின், குன்றும் இல்லாத, கடலும் தோன்றாத, கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயலாகவே விரிந்து கிடக்கும் சமநிலத்தைத் தேடிச் செல்வோர் மிகச் சிலரே. வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என வகுத்த தமிழர்க்கு அந்நிலம் அந்நியமாகத் தோன்றாது. அம்மருதநிலத்தினூடே செல்லும் நடைவழிகளைப் பற்றியும், அவ்வழிகள் எவ்வாறு இன்றுவரை அழியாது நிலைத்தன என்பதைப் பற்றியும் இக்கட்டுரையிற் சிறிது விளக்க முற்படுவோம்.

எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று ஆங்கில நாட்டில் வாழ்கின்றனர். அவருள் ஒருவர், கேம்பிறிட்ஜ் நகரில் இல்லறம் நடத்துபவர், எம்மைத் தம் மனைக்கு அழைத்திருந்தார். ஓர் ஆனி மாதக் காலையில் அவர் எம்மைப் பேருந்தில் ஏற்றி, நகருக்கு வடகிழக்கேயுள்ள சுவாபம் பிரையர் என்னும் சிற்றூரில் இறக்கினார். அங்கிருந்து றீச் என்னும் ஊருக்கும், பின்னர் பேர்வெல் என்னும் ஊருக்கும் நடந்து செல்வது எமது நோக்கம். மூன்றும் அடுத்தடுத்த ஊர்கள். நடந்த தூரம் முழுவதும் ஏழெட்டுக் கிலோமீற்றருக்கு மேற்படாது. ஆயினும் அச்சிறு தூரத்தில் ஆயிரத்து நானூறு ஆண்டு வரலாறு அடங்கிக் கிடக்கக் கண்டோம்.

ஊரெல்லையைக் கடந்ததும் பாதை நேரே ஒரு கோதுமை வயலுள் நுழைந்தது. கதிர்கள் இடுப்பளவு உயர்ந்து நின்றன. அவற்றின் நடுவே, ஒருவர் பின் ஒருவராகச் செல்லத்தக்க ஓர் ஒற்றையடிப்பாதை, நூல் பிடித்தாற்போல் மறுகரைவரை சென்றது. யாம் வயலோரத்திலேயே தயங்கி நின்றுவிட்டோம். விளைந்து நிற்கும் பிறர் பயிருள் கால் வைப்பதை நம் வயோதிபர் ஒருவரும் பொறுக்கமாட்டார்.

“தம்பி, இது யாரோ ஒருவருடைய காணியன்றோ? கண்டால் கோபிக்கமாட்டாரோ?” என வினவினோம்.

“காணி அவருடையதுதான், ஐயா. வழி எல்லாருடையதும். அஞ்சாமல் நடவுங்கள்” என்றார் அவர்.

அவ்விடையின் பொருளை ஆராய்ந்தறிவதே அன்று முழுவதும் எமக்கு வேலையாயிற்று.

ஆங்கிலச் சட்டத்தின்படி பொது நடைவழி என்பது ஒரு தெருவே. இலண்டனிலிருந்து புறப்படும் பெருந்தெருவுக்கும், இருவர் ஒருங்கே செல்லவியலாத இவ்வயற்பாதைக்கும் சட்டத்தின் முன் அடிப்படை உரிமை ஒன்றே. மண் நிலச் சொந்தக்காரருடையது. அம்மண்ணின் மேல் நடந்து செல்லும் உரிமை மக்கள் அனைவருடையது. நம் ஊர்க் காணி உறுதிகளில் வழி வாய்க்கால் உரித்து எழுதப்படுவதை நாம் அறிவோம். அவ்வுரித்து இன்ன காணிக்காரர் இன்ன காணியினூடாகச் செல்லலாம் என ஒரு சிலர்க்கே உரியது. அவ்வுரித்தின் பொருட்டு அயலவர் நீதிமன்றம் ஏறி இறங்குவதும் நாம் அறிந்ததே. ஆங்கிலப் பொது நடைவழியோ அவ்வூரார்க்கும், அயலூரார்க்கும், சில நாட்களுக்கு முன் விமானத்தில் வந்திறங்கிய எமக்கும் ஒருபடித்தாக உரியது. காரணம் கேட்பாரில்லை, கட்டணம் கேட்பாருமில்லை.

அவ்வுரிமைக்கு எல்லையும் உண்டு. வழியே செல்லலாம், திரும்பி வரலாம், இளைப்பாறச் சிறிது நிற்கலாம். வழியை விட்டு விலகி வயலுட் புகுதலும், கதிர் கொய்தலும், கூடாரமிட்டுத் தங்குதலும் அவ்வுரிமையுள் அடங்கா. உழவர்க்கும் கடமைகள் விதிக்கப்பட்டுள்ளன. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வயலின் நடுவே செல்லும் பாதையை விதைப்பின் பொருட்டு உழவர் உழலாம்; ஆனால் 14 நாட்களுள் அதனை மீண்டும் நடக்கத்தக்கதாகச் சீர்ப்படுத்தல் வேண்டும். பயிர் வளர்ந்தபின்னும் அப்பாதை ஒரு மீற்றர் அகலமேனும் திறந்திருத்தல் வேண்டும். வயலோரமாகச் செல்லும் பாதையை உழவே கூடாது. அஃது ஒன்றரை மீற்றர் அகலமேனும் இருத்தல் வேண்டும். யாம் நின்று வியந்த அவ்வொற்றையடிப்பாதை மக்கள் மிதித்ததனால் மட்டும் உண்டாயதன்று. உழவரே தம் இயந்திரத்தாற் பயிரை நீக்கி நமக்கு விட்டுவைத்த வழியென்பதை அப்பொழுதுதான் உணர்ந்தோம்.

வழி தவறுதற்கும் இடமில்லை. பாதை தார் வீதியை விட்டுப் பிரியும் இடங்களில் வழிகாட்டிக் கம்பம் நாட்டுதல் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் உள்ளூராட்சியின் கடமையாயிற்று. வேலிக் கம்பங்களில் சிறு அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டுள்ளன. மஞ்சள் அம்பு நடப்போர்க்கு மட்டும் உரிய வழி. நீல அம்பு குதிரையேறிச் செல்வோர்க்கும் துவிச்சக்கர வண்டியில் செல்வோர்க்கும் சேர்த்து உரிய வழி. 1791இல் தொடங்கப்பெற்ற ஆங்கில நில அளவைத் திணைக்களம் வெளியிடும் படங்களில், ஒரு கிலோமீற்றரை நான்கு சதமமீற்றராகக் காட்டும் படத்தில், ஒவ்வொரு பொது நடைவழியும் பச்சைப் புள்ளிக்கோடாகக் குறிக்கப்பட்டுள்ளது. வயலின் வரம்பும், வேலியின் வளைவும், கோயிற் கோபுரமும் அப்படத்தில் தப்புவதில்லை. இங்கிலாந்தில் இவ்வகை வழிகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 1,90,000 கிலோமீற்றர். பூமியை நடுக்கோட்டு வழியே நான்கு முறை சுற்றி வந்தாலும் அந்நீளம் முடிவுறாது.

இனி, யாம் நடந்த ஊர்களைப் பற்றிக் கூறுவோம்.

சுவாபம் பிரையரில் ஒரே வளவுள் இரண்டு பழைய தேவாலயங்கள் அருகருகே நிற்கின்றன. முற்காலத்தில் ஊர் இரண்டு பங்குகளாகப் பிரிந்திருந்தமையே இதற்குக் காரணம். அவற்றுள் ஒன்றின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் முதலாம் உலகப் போரின் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. அடியார்களும் வானோரும் காணப்படவேண்டிய இடத்தில் பதுங்குகுழியும், நீர்மூழ்கிக் கப்பலும், போர் விமானமும் காணப்படுதல் வியப்பைத் தருகின்றது. உழவுத் தொழில் புரிந்த இவ்வூர் இளைஞரும் அப்போருக்கு அனுப்பப்பட்டனர் என்பதை நினைந்தால் வியப்பு நீங்கித் துயரமே மிஞ்சும். ஸ்கொத்லாந்துக் கவிஞராகிய எட்வின் மியூர் தம் இறுதி ஆண்டுகளை இவ்வூரிற் கழித்து, 1959இல் மறைந்து, இவ்விடத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்டார்.

அங்கிருந்து கோதுமை வயலைக் கடந்தால் றீச் தோன்றும். இன்று சில நூறு மக்களே வாழும் அவ்வூர் ஒரு காலத்தில் துறைமுகமாயிருந்தது என்றால் நம்புதல் அரிது. கடற்கரையோ மிகத் தொலைவில் உள்ளது. ஊரிலிருந்து நேராக வெட்டப்பட்ட ஒரு கால்வாய், கேம் ஆற்றைச் சென்றடைகின்றது. ஆற்றின் வழியே படகுகள் வடகடற் கரையிலுள்ள கிங்ஸ் லின் துறைமுகம்வரை சென்றன. இப்பகுதியில் வெட்டியெடுக்கப்பட்ட மென்மையான வெண்ணிறச் சுண்ணக்கல் அவ்வழியே ஏற்றுமதியாயிற்று. ஜோன் மன்னன் 1201இல் அளித்த பட்டயத்தின்படி இவ்வூரிற் சந்தை ஒன்று கூடத் தொடங்கியது. இன்றும் வைகாசித் தொடக்கத்தில் அச்சந்தை கூடுகின்றது. கேம்பிறிட்ஜ் நகர முதல்வர் வந்து அதனைத் திறந்துவைத்து, சிறுவர்க்குப் புதுக் காசுகளை அள்ளி வீசுவது மரபு.

பின்னர் இருப்புப்பாதை வந்தது. 1884இல் கேம்பிறிட்ஜிலிருந்து பேர்வெல் வழியாகச் செல்லத் தொடங்கிய புகைவண்டி, படகு வாணிகத்தின் எஞ்சிய உயிரையும் கவர்ந்தது. 1962இல் அப்புகைவண்டியின் பயணிகள் சேவையும் நின்றது. துறைமுகம் போயிற்று, புகைவண்டியும் போயிற்று. கோதுமை வயலின் நடுவே செல்லும் ஒற்றையடிப்பாதை மட்டும் போகவில்லை. வலியன அழிய எளியது நிலைத்தது எவ்வாறு என்பது சிந்திக்கற்பாலது.

றீச் ஊரின் எல்லையிலிருந்து தென்கிழக்கே, வளைவின்றி, ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு பெருங்கரை செல்கின்றது. அதற்குப் பேயின் கரை என்பது மக்கள் இட்ட பெயர். ஒரு புறம் அகழி. மறுபுறம் குவித்த மண். சில இடங்களில் அகழியின் அடியிலிருந்து கரையின் முடிவரை ஏறத்தாழ 10 மீற்றர் உயரம். கி.பி. ஆறாம், ஏழாம் நூற்றாண்டளவில் ஆங்கிலோ சாக்சன் மக்கள் பகைவரைத் தடுக்கும்பொருட்டு இதனை எழுப்பினர் என ஆராய்ச்சியாளர் கருதுவர். இப்பெரும் வேலை மனிதராற் கூடாதென்று கருதிய பிற்கால மக்கள் அதனைப் பேயின் மேல் ஏற்றிவிட்டனர். நம் நாட்டிலும் பெருங்குளங்களைப் பூதங்கள் கட்டின என்னும் கதை வழங்குதல் ஒப்புநோக்கத்தக்கது. அன்று மனிதரைத் தடுக்க எழுந்த கரை, இன்று மனிதர் நடக்கும் பொதுவழியாக விளங்குவது காலத்தின் விந்தை.

அக்கரையின் மேல் ஏறி நின்று வடக்கே நோக்கினோம். நிலம் முழுவதும் ஒரே மட்டம். வானம் தலைக்கு மேலே மட்டுமன்றிக் காலடிவரை இறங்கி நிற்பது போன்ற தோற்றம். தொலைவில், கடலில் மிதக்கும் கப்பல் போல், ஈலி நகரத்துப் பேராலயம் தெரிந்தது. 1322இல் அதன் நடுக்கோபுரம் இடிந்து விழ, அவ்விடத்தில் எட்டுப் பட்டை கொண்ட புதுக் கோபுரத்தை எழுப்பினர். ஃபென் நிலத்தின் கப்பல் என்றே மக்கள் அவ்வாலயத்தை அழைக்கின்றனர். அப்பெயர் வெறும் உவமை அன்று. நானூறு ஆண்டுகளுக்கு முன் அந்நிலம் பெரும்பாலும் சதுப்பாகவும் நீராகவுமே கிடந்தது. ஈலி உண்மையாகவே ஒரு தீவாக நின்றது.

ஃபென் என்பது கேம்பிறிட்ஜ், லிங்கன், நோர்போக் முதலிய மாவட்டங்களில் ஏறத்தாழ 3,900 சதுர கிலோமீற்றர் பரந்த தாழ்நிலம். மீன் பிடித்தும், நீர்ப்பறவை பிடித்தும், நாணல் அறுத்தும், காய்ந்த சேற்றுக்கரியை வெட்டி விறகாக்கியும், கோடையில் நீர் வடிந்த புல்வெளியிற் கால்நடை மேய்த்தும் அங்கு மக்கள் வாழ்ந்தனர். அவற்றிற் பல ஊர்ப்பொது உரிமைகளாக இருந்தன. 1630ஆம் ஆண்டளவில் பெட்போர்ட் பிரபுவும் வேறு செல்வர் சிலரும் முதலீடு செய்து, நீரை வடித்து நிலமாக்க உடன்பட்டனர். வேலைக்குத் தலைமை தாங்கியவர் கோர்னேலியஸ் வேர்மைடன் என்னும் ஒல்லாந்தர். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய அவ்வொல்லாந்தரின் நாட்டவரே இவரும். கடலைவிடத் தாழ்ந்த தம் நாட்டில் நீரோடு போராடிக் கற்ற வித்தையை அவர் இங்கே கொண்டுவந்தார். 34 கிலோமீற்றர் நீளமான முதற் கால்வாய் 1637இலும், அதற்கு இணையான இரண்டாவது 1651இலும் வெட்டி முடிக்கப்பட்டன. உழைத்தோருட் பலர் போர்க் கைதிகள். முதலீடு செய்தோர்க்கு நிலம் கிடைத்தது. மீனும் நாணலும் கொண்டு வாழ்ந்தோர்க்கு வாழ்வு போயிற்று. அவர்கள் இரவிற் சென்று கரைகளை உடைத்தனர். ஃபென் புலிகள் என அவர்க்குப் பெயர் வழங்கலாயிற்று.

இயற்கையும் எளிதில் அடங்கவில்லை. நீர் வடிந்த சேற்றுக்கரி மண் காய்ந்து சுருங்கியது, காற்றிற் பறந்தது, நிலமட்டம் தாழ்ந்தது. ஆறுகளோ உயர்ந்து நின்றன. ஆகவே நீரை மேலே இறைக்கக் காற்றாலைகள் அமைத்தனர். பின்னர் நீராவி இயந்திரங்கள் வந்தன. அதன்பின் டீசலும் மின்சாரமும் வந்தன. இன்றும் அவ்விறைப்பு நின்றுவிட்டால் பல வயல்கள் மீண்டும் நீருள் அமிழும். மேற்கேயுள்ள ஹோம் ஃபென் என்னுமிடத்தில், 1851இல் நிலமட்டத்தோடு சமமாக ஓர் இரும்புத் தூண் நிலத்துட் புதைக்கப்பட்டது. இன்று அத்தூண் ஏறத்தாழ 4 மீற்றர் வெளியே நிற்கின்றது. தூண் எழவில்லை, நிலமே இறங்கிற்று. நேரான வாய்க்கால், கறுத்த மண், அதில் விளையும் கோதுமை, உருளைக்கிழங்கு, சீனிக் கிழங்கு என்பனவெல்லாம் மனிதர் கைவேலையே. பழைய சதுப்பு எவ்வாறிருந்தது என்பதை அறிய விரும்புவோர், பேர்வெலுக்கு வடமேற்கேயுள்ள விக்கன் ஃபென்னுக்குச் செல்லலாம். அதன் ஒரு பகுதியைத் தேசிய நம்பிக்கை நிதியம் 1899இல் பெற்று, வடிக்காமலே காத்து வருகின்றது.

பேர்வெல் பெரிய ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்டீபன் மன்னன் தனக்கெதிராகக் கிளர்ந்த பிரபு ஒருவரை அடக்கும்பொருட்டு இங்கே கோட்டை எழுப்பத் தொடங்கினான். 1144இல் அப்பிரபு இவ்விடத்தில் அம்புபட்டு மாண்டமையால் கோட்டை முடிவுறாமலே நின்றுவிட்டது. அகழி மட்டும் புல் மூடிக் கிடக்கின்றது. ஊர்த் தேவாலய வளவில் யாம் கண்ட ஒரு கல் எம் உள்ளத்தை உருக்கியது. தீப்பற்றி எரியும் இதயமொன்று அதிற் செதுக்கப்பட்டுள்ளது. 1727ஆம் ஆண்டு செப்ரெம்பர் 8ஆம் நாள், பாவைக்கூத்துப் பார்க்க ஒரு களஞ்சியத்துள் மக்கள் நிறைந்திருந்தனர். கூட்டம் மேலும் நுழையாதபடி கதவை அடைத்துவிட்டனர். உள்ளே தீப்பற்றியது. 78 பேர் மாண்டனர். அவருட் பலர் சிறுவர். கூத்துப் பார்க்கும் ஆவலோடு அயலூர்களிலிருந்து வந்த பிள்ளைகளும் அவருள் இருந்தனர். யாம் நடந்து வந்த வழிகளில் அப்பிள்ளைகளும் நடந்து வந்திருப்பர் என எண்ணியபோது யாம் இருவரும் சிறிது நேரம் பேசாதிருந்தோம்.

இனி, இவ்வழிகள் எவ்வாறு நிலைத்தன என்பதை ஆராய்வோம். இவற்றை எவரும் உலாவுதற்காக அமைக்கவில்லை. உழவர் வயலுக்கும், பிள்ளைகள் பள்ளிக்கும், பெண்கள் சந்தைக்கும், முதியோர் கோயிலுக்கும், இறந்தோர் இடுகாட்டிற்கும் சென்ற வழிகள் இவை. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கிப் பாராளுமன்றம் ஊர் ஊராகச் சட்டமியற்றிப் பொதுநிலங்களைத் தனியார்க்குப் பகிர்ந்து வேலியடைக்கச் செய்தது. ஃபென் ஓரத்திலுள்ள ஹெல்ப்ஸ்டன் என்னும் ஊரில் 1793இற் பிறந்த ஜோன் கிளேயர் என்னும் கூலியுழவர், அவ்வூர்க்கு 1809இல் வந்த அடைப்புச் சட்டத்தாற் பொதுநிலமும் பழைய பாதைகளும் மறைந்ததைக் கண்டு வருந்திப் பாடிப் பெருங்கவிஞரானார். பிற்காலத்தில் மனநோயுற்று எசெக்ஸ் மாவட்டத்திலுள்ள காப்பகமொன்றில் இருந்த அவர், 1841இல் அங்கிருந்து தப்பி, ஏறத்தாழ 80 மைல் தூரத்தை நான்கு நாளிற் கால்நடையாகக் கடந்து வீடு சேர்ந்தார். கையிற் காசில்லை; பசிக்கு வழியோரப் புல்லைத் தின்றார். தம் ஊர் நோக்கிச் செல்லும் வழி ஒன்றே அவர்க்கு எஞ்சியிருந்தது.

1815ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தேவையற்றது எனத் தோன்றும் பாதையை இரண்டு சமாதான நீதவான்கள் கூடி மூடிவிடலாம் என அதிகாரம் அளித்தது. நிலக்கிழார்களே நீதவான்களாக இருந்த காலம் அது. ஒருவர் வழியை மற்றவர் மூடிக்கொடுத்தல் எளிதாயிற்று. இதனை எதிர்த்து யோர்க் நகரில் 1824இலும், மான்செஸ்ரர் நகரில் 1826இலும் பழைய நடைவழிகளைக் காக்கும் சங்கங்கள் தோன்றின. நூறாண்டுக்குப் பின், 1932ஆம் ஆண்டு ஏப்ரில் 24ஆம் நாள், ஆலைத் தொழிலாளர் உட்படச் சில நூறு இளைஞர், டாபிசயர் மாவட்டத்தில் வழி மறுக்கப்பட்ட கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலத்தின் மேல் ஏறினர். ஐவர் சிறை சென்றனர். அதே ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம், 20 ஆண்டு தடையின்றி மக்கள் நடந்த வழியைப் பொதுவழியெனக் கொள்ள இடமளித்தது. 1949இல் இயற்றப்பெற்ற சட்டம், மாவட்ட சபைகள் தத்தம் பகுதியிலுள்ள எல்லாப் பொதுவழிகளையும் படத்திற் குறித்தல் வேண்டும் எனப் பணித்தது. சிற்றூர்ச் சபையினர் தம் ஊர்ப் பாதைகளில் நடந்து, விசாரித்து, எழுதிக் கொடுத்தனர். அப்படத்திற் பதிந்த வழி சட்டத்தின் முன் ஐயத்திற்கு இடமற்றது.

எழுதத் தவறிய வழிகளும் பல. அவ்வாறு படத்தில் இடம்பெறாத வழிகள் இங்கிலாந்திலும் வேல்சிலும் 49,000 மைலுக்கு மேல் உண்டென, 1935இல் நிறுவப்பெற்ற நடைப்பயணர் சங்கம் 2020இல் மதிப்பிட்டது. பழைய வழிகளைப் பதிதற்கு 2000ஆம் ஆண்டுச் சட்டம் 2026 தொடக்கத்தைக் கடைசி எல்லையாக விதித்தது. அது பின்னர் 2031க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அவ்வெல்லையையே நீக்கப்போவதாக 2024 டிசெம்பரில் அரசாங்கம் அறிவித்தது. இதற்கிடையில் ஊர் ஊராக மக்கள் பழைய சுவடிக் கூடங்களுட் புகுந்து, தம் முன்னோர் நடந்த வழிகளுக்குச் சான்று தேடலாயினர். அவர்க்குப் பெரிதும் துணையாவன எவை எனின், பொதுநிலத்தைப் பறித்த அதே அடைப்புச் சட்டங்களின் தீர்ப்பேடுகளே. எந்த வழி எவ்வளவு அகலமாக விடப்படல் வேண்டும் என அன்று எழுதிய எழுத்து, இருநூறு ஆண்டு கழித்தும் சாட்சி கூறுகின்றது.

இதனால் நாம் அறிவது யாது? மீன் பிடிக்கும் உரிமையையும், நாணல் அறுக்கும் உரிமையையும், மேய்ச்சலையும் இழந்த மக்கள், நடக்கும் உரிமை ஒன்றையேனும் விடாது காத்தனர். அதனைக் காத்த கருவிகள் இரண்டு: ஒன்று கால், மற்றொன்று எழுத்து. நடவாத வழி புல் மூடும். எழுதாத உரிமை மறதி மூடும். படகுத்துறைக்குச் சரக்கு வேண்டும். புகைவண்டிக்கு இலாபம் வேண்டும். நடைவழிக்கு வேண்டுவன நடப்போர் சிலரும் எழுதிவைப்போர் சிலருமே. எளியது நிலைத்த மருமம் இதுவே.

மாலையில் பேர்வெல் பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றபோது, எம் முன்னாள் மாணவர் தம் காலணியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, “இந்த நாட்டுக்கு வந்த முதலாண்டு எனக்கு இங்கே ஒன்றும் சொந்தமில்லை என்று மனம் வருந்தினேன், ஐயா. ஒரு ஞாயிறு இந்த வழியே நடந்தேன். எவரும் தடுக்கவில்லை. எதிரே வந்த கிழவர் காலை வணக்கம் சொன்னார். அன்றைக்குப் பிறகு அப்படித் தோன்றவில்லை” என்றார். வழி என்பது மண்ணைக் கடக்க மட்டும் உதவுவதன்று என்பதை யாம் அன்று எம் மாணவரிடம் கற்றோம்.

ஆங்கில நாட்டில் வாழும் எம் பழைய மாணவர்க்கு யாம் கூறுவது ஒன்று. விடுமுறை நாளில் படம் ஒன்றை வாங்கிக்கொண்டு, அருகிலுள்ள சிற்றூர்களினூடே பிள்ளைகளோடு நடவுங்கள். திறந்த படலையை மூடுங்கள்; பயிரை மிதியாதிருங்கள்; எதிர்ப்படுவோர்க்கு வணக்கம் கூறுங்கள். நீங்கள் நடப்பதும் அவ்வழியைக் காக்கும் தொண்டேயாகும். இங்கு கற்கும் மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். உங்கள் ஊர் ஒழுங்கைகளும், வயல் வரம்புகளும், குளத்துக்கும் கோயிலுக்கும் சென்ற பழைய பாதைகளும் எவையெவை என முதியோரிடம் கேட்டு எழுதிவையுங்கள். போரினாலும் இடப்பெயர்வினாலும் பல வழிகள் பற்றை மூடிய நாடு நம்முடையது. அவற்றில் நடந்தோர் இருக்கும்போதே எழுதினாலன்றிப் பின்னர் எழுத இயலாது.

கல்லூரியும் ஒரு பழைய நடைவழியே. முன்னே நடந்தோர் தடம் பதித்தனர். விழா மலர்கள் அதனை எழுத்திற் பதிக்கின்றன. இன்று நடப்போர் புல் மூடாது காக்கின்றனர். இவ்வழி இனி வருவோர்க்கும் திறந்திருக்க எல்லாம்வல்ல இறைவன் அருள்புரிவானாக.